சுட்ட மண்

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது நம் ஊர்ப் பழமொழி. பாட்டிமார் வாயில் நாம் அனைவரும் கேட்டதுதான். இயல்பு மாறிப் போனவர்கள் ஒன்றாக வாழ முடியாது என்பதற்கு அதைச் சொல்வார்கள். வேதியியல் கற்க வந்த பிறகுதான் அந்தப் பழமொழியில் எவ்வளவு உண்மை அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

நம் விடுதி வாயிலில் உள்ள கடையில் குல்லட் என்னும் மண் குவளையில் நாள்தோறும் தேநீர் பருகுகிறோம். பருகி முடித்ததும் ஓரமாக எறிந்துவிடுகிறோம். அந்த ஓடு பல மழைக்காலம் கண்டாலும் கரைவதில்லை. அது பிறந்த களிமண்ணோ ஒரு மழைக்கே சேறாகிவிடும். இரண்டும் ஒரே குளத்து மண்தான். இடையில் நடந்தது என்ன? களிமண்ணின் நுண்ணிய தகடுகளுக்குள்ளேயே நீரின் கூறு பிணைந்து கிடக்கிறது. வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அது போவதில்லை. சூளையில் 500, 600 பாகை செல்சியசு அளவுக்கு வெப்பம் ஏறும்போதுதான் அது பிரிந்து வெளியேறுகிறது. வெளியேறிய பிறகு எத்தனை குடம் நீரில் ஊறவைத்தாலும் அந்த ஓடு மறுபடியும் பிசைவதற்குரிய களிமண் ஆவதில்லை. உலர்ந்த மண் திரும்பி வரும். சுட்ட மண் திரும்பி வராது.

அப்படித் திரும்பி வராத ஒரு மனிதரின் வாழ்வை இங்கே சொல்ல விரும்புகிறேன். பால் கோகன் என்னும் பிரெஞ்சுக் கலைஞரை ஓவியர் என்றே உலகம் அறியும். தாகித்தித் தீவின் மரங்களும் மக்களும் நிறைந்த அவருடைய வண்ண ஓவியங்களை நாட்காட்டிகளில்கூடப் பார்த்திருப்போம். ஆனால் அவர் களிமண்ணைப் பிசைந்து ஏறத்தாழ நூறு பாண்டங்களும் உருவங்களும் செய்தவர் என்பதைப் பலர் அறியார். தூரிகை பிடித்தபோது தம்மைப் பெருமிதத்தோடு காட்டிக்கொண்ட அவர், களிமண்ணைத் தொட்டபோது தம் காயத்தைக் காட்டினார். அவருடைய வாழ்வை அந்த மண்ணின் வழியாகப் பார்த்தால் வேறு ஒரு மனிதர் தெரிகிறார்.

தாயின் பாண்டங்கள்

கோகன் 1848-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை குளோவிஸ் குடியரசுக் கொள்கை உடைய பத்திரிகையாளர். பிரான்சின் அரசியல் தமக்கு ஏற்றதாக இல்லை என்று கண்டு, மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்குக் கப்பலேறினார். பெரு, மனைவி ஆலினின் உறவினர் வாழ்ந்த நாடு. ஆனால் அவர் கரை சேரவில்லை. வழியிலேயே மாரடைப்பால் இறந்தார். கைம்பெண்ணாய் இறங்கிய தாயின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைதான் பால்.

ஆறு ஏழு வயது வரை அவர் லீமா நகரில் வளர்ந்தார். தாய்க்குப் பெரு நாட்டுப் பழம் பாண்டங்களின்மீது பற்று மிகுதி. ஐரோப்பியர் அந்நாட்டில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்த மோச்சே மக்கள் மண்பாண்டங்களை மனிதத் தலையின் வடிவிலே செய்தார்கள். கண், மூக்கு, கன்னத்துத் தழும்பு வரை ஒரு குறிப்பிட்ட மனிதனின் முகமாகவே இருக்கும். ஆனால் தண்ணீர் ஊற்றி வைக்கும் குடமாகவும் இருக்கும். அத்தகைய பழம் பொருள்களை அந்த அம்மையார் தேடிச் சேர்த்து, பிரான்சுக்குத் திரும்பியபோது உடன் கொண்டுவந்தார். முகமே குடமாகவும் குடமே முகமாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சிறுவன் பால் வீட்டிலேயே கண்டுவிட்டான்.

17 வயதில் கோகன் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கடல் கடந்து திரிந்துகொண்டிருந்த காலத்தில், 1867-ஆம் ஆண்டு ஜூலையில், தாய் இறந்தார். செய்தி மகனுக்கு உடனே எட்டவில்லை. தமக்கை மேரி எழுதிய மடல் துறைமுகம் துறைமுகமாகத் தொடர்ந்து வந்து, பல மாதங்கள் கழித்து, அவர் நம் இந்தியாவில் இருந்தபோதுதான் கைக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது 19 வயது. வீட்டை விட்டு வெகு தொலைவில் இருப்பவர்களுக்கு அந்த மடலைப் பிரித்த கையின் நடுக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் கடற்படையில் பணியாற்றி 1871-இல் திரும்பினார். பிரஷ்யப் போரின்போது சேன்-குளூ என்னும் ஊரில் இருந்த தாயின் வீடு தீக்கிரையாகி இருந்தது. தாய் சேர்த்து வைத்த பொருள்களும் அதோடு போயின. தாயும் இல்லை, தாயின் பாண்டங்களும் இல்லை. நெருப்பின் முகத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

வருவாயும் வறுமையும்

பாதுகாவலராக இருந்த செல்வர் ஒருவரின் உதவியால் கோகனுக்குப் பாரிசுப் பங்குச் சந்தையில் வேலை கிடைத்தது. 1873-இல் மெட்டே காட் என்னும் டென்மார்க்குப் பெண்ணை மணந்தார். பத்தாண்டுகளில் ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். 1879-இல் அவருடைய ஆண்டு வருவாய் ஏறத்தாழ 30,000 பிராங்கு. அந்நாளில் அது பெருஞ்செல்வம். ஓய்வு நாள்களில் ஓவியம் தீட்டினார். மூத்த ஓவியரான பிசாரோவை நாடிக் கற்றார். கலை அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்தது.

1882-இல் பாரிசுப் பங்குச் சந்தை சரிந்தது. வருவாய் குன்றியது. மற்றவர்கள் மீண்டும் வேலை தேடினார்கள். கோகனோ இனி நாள்தோறும் ஓவியம்தான் என்று முடிவு செய்தார். மனைவியைக் கலந்து செய்த முடிவு அன்று அது. பணம் தீர்ந்தது. குடும்பம் மெட்டேயின் தாய்நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்றது. அங்கே கோகன் தார்ப்பாய் விற்கும் முகவராக இருந்து பார்த்தார். டேனிய மொழி தெரியாது, தார்ப்பாயும் விற்கவில்லை. மெட்டே பிரெஞ்சு மொழி கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். மாமியார் வீட்டாரின் ஏளனம் வேறு. 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆறு வயது மகன் குளோவிசை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் பாரிசுக்குத் திரும்பினார். மற்ற நான்கு குழந்தைகளும் தாயிடம் இருந்தார்கள். அவர்களில் ழான் ரெனே என்னும் மகனுக்கு அப்போது நான்கு வயது. இந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

அந்த ஆண்டின் பனிக்காலம் கொடியது. சிறுவனுக்கு அம்மை கண்டது. பங்குச் சந்தையில் வண்டியேறிச் சென்றவர், கூலிக்குச் சுவரொட்டி ஒட்டினார். இத்தகைய நிலையில்தான் களிமண் அவர் கைக்கு வந்தது.

சூளையின் முன்

1886-இல் ஃபெலிக்ஸ் பிராக்மோன் என்னும் கலைஞர் கோகனை எர்னெஸ்ட் ஷாப்லே என்பவரிடம் அழைத்துச் சென்றார். ஷாப்லே அந்நாளில் பிரான்சின் மண்பாண்டக் கலைஞர்களுள் முதல் வரிசையில் இருந்தவர். சீனத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன் கண்ட செம்பு மெருகை மீண்டும் கண்டறிய உழைத்தவர். அந்த மெருகின் விந்தையை அறிவியல் மாணவர் எவரும் சுவைப்பர். சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் செம்பு பச்சை நிறம் தரும். காற்றைக் குறைத்துப் புகையைப் பெருக்கினால் அதே செம்பு இரத்தச் சிவப்பாய் மாறும். மாற்றுவது மனிதன் அன்று, நெருப்பு. கதவை அடைத்த பின் கலைஞன் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

கோகன் பெரும்பாலும் குயவர் சக்கரத்தை நாடவில்லை. மண்ணைக் கையாலேயே பிடித்தார், கயிறாகத் திரித்து அடுக்கினார், கிள்ளி ஒட்டினார். கல்லைப் போல் இறுகுவதற்காக 1200 பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுடப்படும் மண் அது. அந்த வெப்பத்தில் மண்ணில் உள்ள சில கூறுகள் உருகிக் கண்ணாடியாகி, மற்றத் துகள்களை இறுகப் பிணைக்கின்றன. பாண்டம் சூளைக்குள் சுருங்கும். சிறிது பிழை இருந்தாலும் வெடிக்கும். 1886-87 பனிக்காலத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட பாண்டங்களைச் செய்தார். இரண்டு வாய் உள்ள குடங்கள், கோணிய கைப்பிடிகள், விளிம்பில் சாய்ந்து உறங்கும் பெண் உருவங்கள். தாய் வீட்டுப் பெரு நாட்டுப் பாண்டங்கள் அவர் விரல்களில் மறுபிறவி எடுத்தன. விற்றுப் பிழைக்கலாம் என்றுதான் தொடங்கினார். வாங்குவார் மிகச் சிலரே.

1887-இல் அவர் பனாமாவுக்குச் சென்று, கால்வாய் வெட்டும் இடத்தில் சில நாள் கூலி வேலை செய்தார். பிறகு மார்த்தினிக் தீவுக்குச் சென்றார். அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் அப்போது உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் நினைக்கலாம். அவர்கள் ஒப்பந்தத்தால் கட்டுண்டு போனவர்கள். இவர் தாமாக விரும்பிப் போனவர். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வாட்ட, அவ்வாண்டு நவம்பரில் பிரான்சுக்குத் திரும்பினார்.

காது இல்லாத முகம்

1888-ஆம் ஆண்டு அக்டோபரில் கோகன் தென் பிரான்சில் உள்ள ஆர்ல் நகருக்குச் சென்றார். அங்கே வான்கோ அவருக்காக ஒரு வீட்டையே அணி செய்து காத்திருந்தார். இரு பெருங் கலைஞர்கள் ஒரே கூரையின்கீழ் இரண்டு மாதம் வாழ்ந்தார்கள். வாதம் பூசலாயிற்று. டிசம்பர் 23-ஆம் நாள் இரவு வான்கோ மனம் பேதலித்துத் தம் காதையே அறுத்துக்கொண்டார். கோகன் பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டார். நண்பர் மருத்துவமனையில் கிடக்க, இவர் ரயிலேறினார். அஞ்சி ஓடினார் என்று சொல்வோரும் உண்டு. இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்போரும் உண்டு.

பாரிசில் இறங்கிய சில நாள்களில், டிசம்பர் 28-ஆம் நாள், பிராடோ என்னும் கொலைக் குற்றவாளியின் தலை பொது இடத்தில் கில்லட்டின் இயந்திரத்தால் வெட்டப்பட்டது. விடியற்காலையில் கூட்டத்தோடு நின்று கோகன் அதைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் நண்பரின் அறுந்த காது. அந்நியனின் அறுந்த தலை.

1889-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒரு குவளை செய்தார். உயரம் ஒரு சாண் அளவே. 20 செண்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. அது அவருடைய தலை. கழுத்தோடு வெட்டி எடுத்தாற்போல் நிற்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. காதுகள் இல்லை. நெற்றியிலிருந்தும் கன்னத்திலிருந்தும் சிவந்த மெருகு வழிந்து கழுத்தில் தேங்கியிருக்கிறது. பின்புறம் கைப்பிடி. மேலே வாய் திறந்திருக்கிறது. நீரோ பூவோ வைக்கலாம்.

யாருடைய இரத்தம் அது? குற்றவாளியினுடையதா? வான்கோவினுடையதா? அவருடையதேயா? முகம் கோகனுடையது, காதின்மை வான்கோவினுடையது, வெட்டு பிராடோவினுடையது. மூவரையும் ஒரே மண்ணில் பிசைந்துவிட்டார். காதற்ற தன் முகத்தை ஒருவர் செய்கிறார் என்றால், நண்பர் பட்ட துன்பத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று உள்ளம் உணர்ந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இரவைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியவை பெரும்பாலும் தம்மை நியாயப்படுத்துபவை. எழுத்தில் வாதாடினார், மண்ணில் ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தத்தை வண்ணத்தால் தீட்டுவது எளிது. வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாவிட்டால் அழிக்கலாம். சூளையில் மெருகு உருகி ஓடும் வழியைக் கலைஞன் முழுதும் ஆள முடியாது. தம் முகத்தை நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டு, அது எப்படித் திரும்பி வரும் என்று தெரியாமல் காத்திருந்தார். அவ்வளவு ஆணவம் உடைய ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு எளிதாக இருந்திருக்குமா?

அதே ஆண்டில் புகையிலை வைக்கும் சாடி ஒன்றையும் தம் முகமாகவே செய்தார். அதில் அவர் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார், குழந்தையைப் போல. தந்தை முகம் அறியாதவர், தாயின் இறப்பைப் பிறர் மடலால் அறிந்தவர், நாற்பது வயதில் தம்மை விரல் சூப்பும் உருவமாகக் காட்டிக்கொண்டார். அந்த ஆண்டில் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி ஒரு கட்டுரை எழுதியபோது, மண்பாண்டக் கலையை உயர்த்திப் பேசினார். சூளையின் வெம்மையை நரகத்துக்கு ஒப்பிட்டார். அந்த நரகத்தைக் கடந்து வந்ததால்தான் மண்ணுக்கு ஒரு கம்பீரம் வருகிறது என்பது அவர் கருத்து.

குருதி வழியும் அந்தக் குவளையில் அவரே பூக்களை வைத்து ஓர் ஓவியமும் தீட்டினார். அந்த ஓவியம் ஈரான் நாட்டுத் தெஹ்ரான் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. குவளை எங்கே இருக்கிறது தெரியுமா? கோபன்ஹேகனில். எந்த ஊரில் தார்ப்பாய் விற்க முடியாமல் தலைகுனிந்தாரோ, எந்த ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு ரயிலேறினாரோ, அந்த ஊரின் அருங்காட்சியகத்தில் அவருடைய தலை கண் மூடி அமர்ந்திருக்கிறது.

ஓவிரி

1891-ஆம் ஆண்டு மார்ச்சில் கோகன் கோபன்ஹேகன் சென்று மனைவியையும் மக்களையும் பார்த்தார். அதுவே கடைசிச் சந்திப்பு. அவ்வாண்டே தாகித்திக்குப் புறப்பட்டார். நாகரிகத்தின் மாசு படாத மக்களைத் தேடிச் செல்வதாகச் சொன்னார். ஆனால் அவர் சென்று இறங்கியது பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியில் இருந்த தீவு. அங்கே தெகாமனா என்னும் சிறுமியைத் துணைவியாக்கிக்கொண்டார். அவருக்கு வயது 43. அவளுக்கு ஏறத்தாழ 13. பின்னாளிலும் இத்தகைய சிறுமியரைச் சேர்த்துக்கொண்டார். ஆளும் இனத்தான் ஒருவன் ஆளப்படும் இனத்துச் சிறுமியரிடம் நடந்துகொண்ட முறை இது. அந்நாளில் வழக்கம் என்று சொல்லி இதை மூடுவது நேர்மை ஆகாது. அழகிய ஓவியங்கள் இதற்கு ஈடும் ஆகா. ஒரு மனிதரின் புண்ணைப் பற்றிப் பேசும்போது, அவர் பிறருக்குச் செய்த புண்ணையும் பேசத்தான் வேண்டும்.

1893-இல் பிரான்சுக்குத் திரும்பினார். அவ்வாண்டு பாரிசில் நடந்த கண்காட்சி அவர் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. மறு ஆண்டு மே மாதம் கொங்கார்னோ துறைமுகத்தில் மாலுமிகளோடு நேர்ந்த கைகலப்பில் கணுக்கால் அருகே கால் முறிந்தது. அது அவர் இறக்கும் வரை முழுதும் ஆறவில்லை. மனைவியோடு இருந்த மடல் தொடர்பும் கசந்து போயிற்று. இந்த நிலையில் 1894-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் தம் மிகப் பெரிய மண் உருவத்தைச் செய்தார். அதன் பெயர் ஓவிரி. தாகித்தி மொழியில் காட்டுத்தன்மை உடையது என்று பொருள்.

75 செண்டிமீட்டர் உயரம் உள்ள பெண் உருவம் அது. தலை பெரிது, கண்கள் அகன்று இமையாமல் விழிக்கின்றன. கூந்தல் பின்னால் தரை வரை தொங்குகிறது. காலடியில் ஓர் ஓநாய் குருதி சிந்திக் கிடக்கிறது. இடுப்போடு ஓர் ஓநாய்க்குட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் அந்தக் குட்டியைக் கொல்கிறாளா, காக்கிறாளா? அறிஞர்கள் இன்றும் முடிவு காணவில்லை. கோகனைக் கழுத்துப் பட்டை இல்லாத ஓநாய்க்கு ஒப்பிட்டவர் டெகா என்னும் ஓவியர். அந்த ஒப்புமை கோகனுக்குத் தெரியும். தம் முகத்தைப் பக்கவாட்டில் காட்டும் ஒரு புடைப்புச் சிற்பத்திலும் இதே ஓவிரி என்னும் சொல்லைப் பொறித்துக்கொண்டார். ஆகவே அந்தப் பெண்ணும் அவரே. இறந்து கிடக்கும் ஓநாயும் அவரே. பழைய மனிதனை மிதித்துக் கொன்றுவிட்டுப் புதிய மனிதன் எழுவதாக அவர் கருதியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களில் வெற்றி இல்லை. தான் செய்ததைத் தானே பார்த்துத் திகைத்து நிற்கும் கண்களாகவே அவை தோன்றுகின்றன. இந்த உருவத்தின் படத்தை நூலகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

1895-ஆம் ஆண்டுக் கலைக் கண்காட்சிக்கு அதை அனுப்பினார்; ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் பிரான்சை விட்டுப் புறப்பட்டவர் பிறகு திரும்பவே இல்லை. ஓவிரியை எடுத்துச் செல்லவும் முடியவில்லை.

தொலைவில் ஒரு கல்லறை

அவருடைய அன்பு மகள் ஆலின், தாயின் பெயரைச் சூட்டிய அதே மகள், 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் நுரையீரல் காய்ச்சலால் இறந்தாள். வயது 19. செய்தி சில மாதங்கள் கழித்துத் தாகித்தியை அடைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் ஒரு மடல். இப்போது தாகித்தியில் ஒரு மடல். தாய் ஆலினின் மறைவும் மகள் ஆலினின் மறைவும் அவருக்குக் காலங்கடந்த தாள்களாகவே வந்தன. மனம் உடைந்து உயிரையே விட முயன்றார்; பிழைத்தார். 1900-இல் மகன் குளோவிசும் இறந்தான். தந்தையோடு அந்தக் கொடிய பனிக்காலத்தைக் கழித்த அதே குளோவிஸ்தான்.

அந்த ஆண்டுகளில் பிரான்சில் இருந்த நண்பருக்கு மடல் எழுதி, ஓவிரியை அனுப்பிவைக்கும்படியும், அது தம் கல்லறைமேல் நிற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எத்தனையோ ஓவியங்கள் இருக்க, தம் அடையாளமாக அவர் தேர்ந்தது ஒரு மண் உருவத்தை. அது வந்து சேரவில்லை. 1901-இல் மார்க்குவேசத் தீவுகளில் ஒன்றான ஹீவா ஓவாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் அதிகாரிகளோடு பூசல். அவதூறு வழக்கில் மூன்று மாதச் சிறைத் தண்டனை. சிறை புகுமுன்பே, 1903-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், அத்துவோனா என்னும் ஊரில் இறந்தார். அப்போது வயது 54.

1906-இல் பாரிசில் அவருடைய படைப்புகள் பெருந்தொகுதியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஓவிரியும் அவற்றுள் இருந்தது. இளைஞரான பிக்காசோ அதனால் தூண்டப்பட்டார் என்பர் கலை வரலாற்றார். ஓவிரி இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வெண்கலப் படி ஒன்று 1973-இல் ஹீவா ஓவாவில் அவர் கல்லறைமேல் நிறுவப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து ஆசை நிறைவேறிற்று, ஆனால் மண்ணில் அன்று, வெண்கலத்தில்.

பொடியாக்கிய ஓடு

நினைவில் வைக்கச் சொன்ன பெயரை இப்போது சொல்கிறேன். தந்தை பிரிந்தபோது நான்கு வயதாக இருந்த ழான் ரெனே, டென்மார்க்கிலேயே வளர்ந்து டென்மார்க்குக் குடிமகனாகவே வாழ்ந்தார். அவர் சிற்பி ஆனார். கோபன்ஹேகனில் உள்ள பெரிய பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் மண் உருவங்கள் செய்தார். 1924-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கில், அந்நாளில் இருந்த கலைப் போட்டியில், குத்துச்சண்டை வீரன் சிற்பத்துக்காக வெண்கலப் பதக்கமும் பெற்றார். தந்தை கற்றுக்கொடுக்கவில்லை, உடன் இருந்து பார்த்துக் கற்கவும் வழி இல்லை. ஆனாலும் மகன் கை அதே களிமண்ணைத்தான் தேடிற்று. இன்னொரு மகன் போலா ஓவியமும் கலைத் திறனாய்வும் செய்து, தம்மை விட்டுச் சென்ற தந்தையின் வாழ்வை நூலாகவும் எழுதினார்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது உண்மைதான். சூளையில் இருந்து வந்த குடத்தில் ஈரக் களிமண்ணை அப்பினால், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஆனால் குயவர்களுக்கு ஒரு வழி தெரியும். சுட்ட ஓட்டை இடித்துப் பொடியாக்கிப் பச்சை மண்ணோடு சேர்த்துப் பிசைவார்கள். அப்போது இரண்டும் ஒன்றாகும். அது மட்டும் அன்று. அந்தப் பொடி சேர்ந்த மண் உலரும்போதும் சுடும்போதும் அவ்வளவாக வெடிப்பதில்லை. ஒட்டவே ஒட்டாது என்ற ஓடுதான் புது மண்ணுக்கு வலிவு தருகிறது. ஒரே நிபந்தனை: ஓடு உடைய வேண்டும், தான் குடமாக இருந்த பெருமையை விட வேண்டும்.

கோகன் தம் முகத்தைச் சூளையில் இட அஞ்சவில்லை. தம்மை உடைத்துக்கொள்ளத்தான் அவரால் முடியவில்லை. மண்ணில் ஒப்புக்கொண்டதை மனைவியின் முன்னும், நண்பரின் முன்னும், அந்தத் தீவுச் சிறுமியரின் முன்னும் ஒப்புக்கொண்டிருந்தால் வாழ்வு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. கலை அவருடைய உண்மையைச் சொன்னது. ஆனால் அவருக்காக வாழ்ந்து தரவில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பேச்சின் நடுவே என்னை அறியாமல் இந்திச் சொற்கள் வந்து விழுந்தன. சாப்பாட்டில் ஒரு குறை சொன்னேன். தெருவைப் பற்றி ஒரு குறை சொன்னேன். அம்மா சிரித்தார்கள். பிறகு, நீ மாறிட்டேப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஊர் விட்டு ஊர் வந்து படிப்பவன் மாறாமல் எப்படி இருப்பான் என்று மனத்துக்குள் வாதாடினேன். வாதம் சரிதான். இரண்டு ஆண்டு வெப்பம் நம்மைச் சிறிதாவது சுட்டுத்தான் இருக்கும். இனிப் பழைய களிமண் ஆக முடியாது.

ஆனால் குயவரின் அந்த வழியை அறிந்த பிறகு, ஒரு ஞாயிறு மாலை அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று நான் பேசியது தவறு என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் ஒலி இல்லை. பிறகு, சாப்பிட்டியாப்பா என்று கேட்டார்கள்.